நம்பர் இல்லாத வண்டி

அத்தியாயம் 5

"போலீஸ் வந்தா போலீஸ்கிட்ட பேசிக்கிறேன். உங்ககிட்ட பேசணும்னு எனக்கு இன்னா, தலையெழுத்தா? நவுருங்க."

மெக்கானிக் காசி ஷட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தான். பாதி வழியில் அது நின்றது. ரேணுகாம்பாள் மேடம் தன் குடையைக் குறுக்கே கொடுத்திருந்தார்.

"குடை வளைஞ்சா புதுசு வாங்கித் தரணும் காசி. அதுக்கு நாலு கேள்விக்குப் பதில் சொல்லிடறது சுலபம்," என்றார்.

காசி என்னைப் பார்த்து முறைத்தான். மேடத்தை முறைக்கத் தைரியமில்லாதவர்கள் எல்லாரும் என்னைத்தான் முறைப்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம். என் பெயர் மாறன். திருவண்ணாமலையில் இருக்கும் ஒரே துப்பறியும் அலுவலகத்தில் ஒரே உதவியாளன். அதை நடத்தும் மேடம், அதைத் தொடங்குவதற்கு முன் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பரிசோதித்தவர். அடிபட்ட வண்டியைப் பார்த்தால் ஓட்டியவன் சொன்ன பொய் அவருக்குத் தெரிந்துவிடும்.

நேற்று விடிவதற்கு முன்னால், கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வளைவில், பூக்கார ராமகிருஷ்ணன் மொபெட்டோடு மதகுப் பள்ளத்தில் விழுந்தார். மண்டையில் பலத்த அடி. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. நினைவு தப்புவதற்கு முன் "எதிர்ல ரெண்டு லைட்டு, எதிர்ல ரெண்டு லைட்டு" என்று மட்டும் முனகியிருக்கிறார்.

அன்றைக்குப் பொழுது விடிந்ததும் அதே ஊர்க் கோயிலுக்கு ஒரு பெரிய அட்வெஞ்சர் பைக் வந்தது. முன்னால் கிராஷ் கார்டு கம்பியில் புத்தம் புதிதாக இரண்டு கூடுதல் லைட்டுகள். ஊருக்கு வேறென்ன வேண்டும்? வண்டியைப் பிடுங்கி வேப்ப மரத்தில் சங்கிலி போட்டுவிட்டார்கள். வண்டிக்காரி பெயர் அபிநயா, வேங்கிக்கால். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வில் தேறி, நடத்தைச் சரிபார்ப்புக்காகக் காத்திருப்பவள். இன்று சாயங்காலத்துக்குள் அவள் பெயரில் எஃப்.ஐ.ஆர். விழுந்தால் காக்கிச் சட்டையை அவள் போட முடியாது, அதைப் போட்டவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

எங்களைத் தேடி வந்து கேஸைக் கொடுத்த அவள், இப்போது எங்களுக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணு வண்டிக்கு லைட்டு மாட்டினது நீதானே?" என்றார் மேடம்.

"ஆமா. அதுல எந்தத் தப்பும் இல்ல. கிளாம்ப் போட்டு, வயர் சூடாகாம இருக்க ரிலே வச்சி, ஃப்யூஸ் வச்சி, ஹேண்டில்ல தனி சுவிட்சு குடுத்திருக்கேன். ரிலே இல்லாம எந்த பைக்குக்கும் நான் லைட்டு மாட்ட மாட்டேன். வயர் எரிஞ்சா என் பேருதான் நாறும்."

"லைட்டு ரோட்டைப் பாத்து இருந்துச்சா, எதிர்ல வர்றவன் மூஞ்சியைப் பாத்து இருந்துச்சா?"

"கீழ பாக்க வச்சித்தான் முடுக்கினேன். அப்புறம் அதுவே தூக்கி வச்சிருந்தா நானா பொறுப்பு?"

"நான் தொடவே இல்ல!" என்று சீறினாள் அபிநயா.

"ரெண்டு பேரும் வெளியில போய் கத்துங்க," என்றார் மேடம். "காசி, இதே லைட்டு இந்தப் பக்கம் வேற யாருக்காவது மாட்டினியா?"

காசி கொஞ்சம் தயங்கினான். "அடி அண்ணாமலையில ஒரு வண்டிக்கு மாட்டினேன். போன வாரம்."

எனக்குள் பட்டாசு வெடித்தது. அதே ஊர், அதே லைட்டு, இன்னொரு வண்டி!

"நம்பர் என்னய்யா?" என்று பாய்ந்தேன்.

"நம்பர் இல்லாத வண்டி."

"நம்பர் இல்லாத வண்டிக்கு லைட்டு மாட்டுவியா? வெக்கமா இல்ல?"

"எனக்கு எதுக்கு வெக்கம்? ரோட்டோரமா நின்னு மாட்டிக் குடுத்துட்டு வந்தேன். ஆளு பேரெல்லாம் கேட்டுக்கறதில்ல. ரிலே கூட வேணாம்னான். சரின்னு நேரா பேட்டரியில குடுத்துட்டேன். போதுமா? குடையை எடுங்க!"

மேடம் குடையை எடுத்தார். ஷட்டர் தடாலென்று விழுந்தது. மூடிய ஷட்டரைப் பார்த்து, "நல்ல மெக்கானிக்," என்றார்.

"எதுல நல்லவன்? வாயிலயா?"

"வேலையில மாறா. இப்ப அவன் சொன்னதுல ஒண்ணு இடிக்குது. கண்டுபிடி பாப்போம்."

எனக்கு இடித்தது ஒன்றுதான். நம்பர் பிளேட் இல்லாத ஒரு திருட்டு பைக் அந்த ஊரில் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் கேஸ் முடிந்தது.

*

காரில் போகும்போது அபிநயா பின் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதைக்குத் திரும்பியதும் அவள் மலையையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை.

"நேத்து இருட்டுல அந்த வளைவு வழியா நீ போனியா இல்லியா?" என்றார் மேடம்.

"போனேன் மேடம். புது லைட்டை இருட்டுலதானே சோதிச்சுப் பாக்க முடியும்? ஒரு சுத்து வந்துட்டு வீட்டுக்குப் போனேன். குளிச்சிட்டு, விடிஞ்சப்புறம் பூஜை போட மறுபடி வந்தேன். அப்பதான் பிடிச்சிக்கிட்டாங்க."

"வளைவுல மொபெட் எதுவும் பாக்கலியா?"

"பாக்கல." குரல் உடைந்தது. "ஆனா அந்த லைட்டு போட்டா முன்னாடி இருக்கறது மட்டும்தான் தெரியும் மேடம். ஓரத்துல யாராவது விழுந்திருந்தா... நான்தான் பண்ணிட்டேனா? தெரியாமயே பண்ணிட்டேனா?"

இதற்கு ஆறுதல் சொல்லத்தான் மனிதர்களுக்கு வாய் இருக்கிறது. மேடம் அந்த வேலைக்கு வாயைப் பயன்படுத்துவதில்லை.

"இந்த மாதிரி லைட்டு எனக்குப் பிடிக்காது. கண்ணு கூசாம ரோட்டுல போன காலம் மறந்தே போச்சு. உன்னைக் காப்பாத்த நான் வரல, என்ன நடந்துச்சுன்னு பாக்க வந்திருக்கேன். நீதான் பண்ணினேன்னு தெரிஞ்சா நானே புகார் எழுதிக் குடுப்பேன்."

"எழுதுங்க," என்றாள் அபிநயா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பண்ணியிருந்தா எனக்கு அந்த வேலை வேணாம்."

மேடம் முதல் முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார்.

*

அடி அண்ணாமலை வளைவில் எங்களை வரவேற்க ஊரே கூடியிருந்தது. வரவேற்பு என்றால் யாரும் மாலை வைத்திருக்கவில்லை. ஒருவன் கையில் கல் இருந்தது.

"வந்துட்டா பாரு மகராணி!"

"பொட்டச்சிக்கு எதுக்குடி யானை மாதிரி வண்டி?"

வேப்ப மரத்தடியில் அந்த பைக் சங்கிலியோடு நின்றது. இரண்டு லைட்டுகளிலும் கண்ணாடி தெரியாத அளவுக்குச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ராமகிருஷ்ணனின் மனைவி ராஜம்மாள் நின்றிருந்தாள். சங்கிலிச் சாவி அவள் முந்தானை முடிச்சில் இருந்தது.

"எம் புருசன் கண்ணு முழிக்கற வரைக்கும் இந்த வண்டி நவுராது," என்றாள் அபிநயாவிடம். "முழிக்கலன்னா உன்னையும் நவுர விட மாட்டேன்."

வளைவின் வெளிப்பக்கத்தில், மதகுக்கு நேர் எதிரே, ஒரு டீ வண்டி. அதற்குச் சொந்தக்காரன் பிரசாத், ராஜம்மாளின் கூடப்பிறந்த தம்பி. பள்ளத்தில் கிடந்த மச்சானைத் தூக்கியவனும், ஆம்புலன்சுக்குப் போன் போட்டவனும், பைக்கை அடையாளம் காட்டியவனும் அவன்தான். எஸ்.ஐ. அவன் கடையில் ஒரு தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சும்மா கிடந்தது.

"ரேணுகாம்பாள் மேடம், உங்களுக்கு மரியாதை குடுத்துத்தான் சாயங்காலம் வரைக்கும் பேனாவைத் தொறக்காம இருக்கேன்," என்றார் எஸ்.ஐ. "கண்ணால பாத்த சாட்சி இருக்கு. சீக்கிரம் முடிங்க."

"ஒரு டீ குடிச்சிட்டு முடிச்சிடறேன் சார். மாறா, நீ போய் உன் நம்பர் இல்லாத வண்டியைத் தேடு."

எனக்குக் கோபம் வந்தது. வெயிலில் அலைவது நான், டீ குடிப்பது அவரா? தெருத் தெருவாகப் போனேன். ஒரு வீட்டு வாசலில் நம்பர் பிளேட் இல்லாத புது மொபெட் இருந்தது. அதில் ஒரே லைட்டு, அதுவும் எரியவில்லை. இன்னொரு கொட்டகையில் பைக் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். உள்ளே எருமை இருந்தது. அதன் சொந்தக்காரர், "எதுக்குடா என் மாட்டை நோட்டம் விடற?" என்று துடைப்பத்தோடு வந்தார். மாட்டுக்கும் நம்பர் இல்லைதான், ஆனால் லைட்டும் இல்லை.

வியர்த்து விறுவிறுத்துத் திரும்பியபோது மேடம் அதே இடத்தில் நின்று, டீயைத் தொடாமல், டீ வண்டியின் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஊர்ல அப்படி ஒரு பைக்கே இல்ல மேடம்."

"தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு அனுப்பினீங்க?"

"நீ பக்கத்துல இருந்தா பேசிக்கிட்டே இருப்ப. நான் யோசிக்கணும்." பிறகு சத்தமாக, "பிரசாத்து, நீ பாத்ததை ஒரு தடவை சொல்லுப்பா," என்றார்.

பிரசாத் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு நெஞ்சை நிமிர்த்தினான். "எத்தினி வாட்டிங்க சொல்றது? அடுப்பைப் பத்த வச்சிட்டிருந்தேன். இந்தப் பொண்ணு வண்டி சர்ருனு வந்துச்சு. லைட்டு கண்ணைப் பறிச்சிடுச்சி. மச்சான் தடுமாறி உள்ள போயிட்டாரு."

"இதே வண்டின்னு எப்படித் தெரியும்?"

"ரெண்டு லைட்டு எரிஞ்சுச்சே. அதுவும் மஞ்சளா."

"வெள்ளையா இல்லியே?"

"மஞ்சள்ங்க! அய்யனார் சத்தியமா மஞ்சள். இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

"அபிநயா, லைட்டைப் போடும்மா."

அவள் சாவியைத் திருப்பி ஹேண்டிலில் இருந்த சுவிட்சை அமுக்கினாள். வேப்ப மர நிழலில் இரண்டு லைட்டுகளும் எரிந்தன. சந்தனத்தின் வழியாக வெளிச்சம் அழுத்தமான மஞ்சளாக வந்தது.

கூட்டம் ஒரே குரலில் கத்தியது. ஒருவன் அபிநயாவின் தோளைப் பிடித்துத் தள்ளினான். நான் குறுக்கே போய் நின்றேன், எனக்கும் ஒன்று விழுந்தது. எஸ்.ஐ. பெட்டியிலிருந்து எழாமலே பேனாவைத் திறந்தார். நம்முடைய ஆளுக்கு நாமே குழி வெட்டிவிட்டோம் என்று நினைத்தேன்.

மேடம் பைக் பக்கம் போனார். ஈரக் கைக்குட்டையால் ஒரு லைட்டை அழுத்தித் துடைத்தார். சந்தனம் போனதும் வெளிச்சம் பளீரென்று வெள்ளையாக அடித்தது. முன்னால் நின்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"இந்தச் சந்தனத்தைப் பூசினது யாரு?"

"கோயில் ஐயருதான்," என்றது ஒரு குரல்.

"எப்ப?"

"பொழுது விடிஞ்சப்புறம். அந்தப் பொண்ணைப் பிடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்ன."

"ராமகிருஷ்ணன் விழுந்தது விடியறதுக்கு முன்ன. அப்ப சந்தனமே இல்ல. அப்ப இது வெள்ளை லைட்டு." மேடம் பிரசாத்தை நோக்கித் திரும்பினார். "இருட்டுல பாத்திருந்தா வெள்ளைன்னு சொல்லியிருப்ப. கோயில்லேருந்து எரிய விட்டுக்கிட்டு வந்தப்ப பாத்தியே, அதைத்தான் சொல்ற. நீ இந்த வண்டியை இருட்டுல பாக்கவே இல்ல."

கூட்டத்தின் சத்தம் குறைந்தது. பிரசாத் உதட்டை நனைத்துக்கொண்டான்.

"கலர்ல கொஞ்சம் குழம்பியிருப்பேன். அதுக்கு இன்னா? எதிர்ல ரெண்டு லைட்டு வந்துச்சுன்னு மச்சானே சொன்னாரே!"

"ராஜம்மா, நீ காதால கேட்டியா? 'வந்துச்சு'ன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரா?"

"'எதிர்ல ரெண்டு லைட்டு'ன்னாரு. அவ்ளோதான். 'வந்துச்சு'ன்னு..." ராஜம்மாள் தம்பியைப் பார்த்தாள். "அது இவன் சொன்னது."

"அவர் வந்துச்சுன்னு சொல்லல. ஏன்னா அது வரவே இல்ல. எதிர்ல இருந்துச்சு." மேடம் என் பக்கம் கையை நீட்டினார். "மாறா, காசிக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். காசி எடுத்ததும் திட்ட ஆரம்பித்தான். திட்டி முடிக்கட்டும் என்று மேடம் காத்திருந்தார்.

"காசி, ஒரே கேள்வி. நம்பர் இல்லாத வண்டின்னியே, அந்த வண்டிக்கு எத்தன சக்கரம்?"

"இது இன்னாங்க கேள்வி? நாலு சக்கரம். சைக்கிள் சக்கரம். தள்ளுவண்டிக்கு வேற எத்தன சக்கரம் இருக்கும்?"

"தள்ளுவண்டின்னு ஏன்யா சொல்லல?" என்று அலறினேன்.

"நான் வண்டின்னுதானே சொன்னேன்! டீ வண்டிக்கு ஆர்.டி.ஓ.வா நம்பர் குடுக்கறான்?"

போனை வைத்துவிட்டான். எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. டீ வண்டி, இட்லி வண்டி, பழ வண்டி என்று தினமும் சொல்கிற வாய்தான். லைட்டு என்றதும் என் மண்டைக்குள் பைக் தவிர வேறு வண்டி ஓடவில்லை.

"ரிலே இல்லாம எந்த பைக்குக்கும் மாட்ட மாட்டேன்னு சொன்னவன், இந்த வண்டிக்கு மட்டும் ரிலே இல்லாம மாட்டினான். அதான் இடிச்சுது மாறா. அப்ப அது பைக்கே இல்ல." மேடம் குடையின் நுனியால் டீ வண்டியின் கூரை விளிம்பைக் காட்டினார். "மேல பாருங்க. முந்தாநாள் மழை பேஞ்சுது. நேத்து விடியக்காலையில ஈசல் கெளம்பிச்சு. இந்தத் தகரத்துல ரெண்டே எடத்துல இறக்கை குவியலா ஒட்டியிருக்கு. லைட்டு இல்லாத எடத்துக்கு ஈசல் எதுக்கு வந்து சாகுது?"

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு குவியலுக்கும் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிளின் அகலம் இருந்தது. அவற்றுக்கு மேலே கிளாம்ப் பிடித்திருந்த தடம் இரண்டு, துருவில்லாமல் மின்னியது.

"நான் கழட்டினது பழைய பல்பு," என்றான் பிரசாத்.

"சரி, பழைய பல்புதான். எங்க வச்சிருக்க?"

அவன் கண் ஒரு நொடி கீழே, எஸ்.ஐ. உட்கார்ந்திருந்த பெட்டிக்குப் போய் வந்தது. நாற்காலி சும்மா கிடக்க, எஸ்.ஐ.யை அவன் எதற்குத் தகரப் பெட்டி மேல் உட்கார வைத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"சார்," என்றேன் பணிவாக. "கொஞ்சம் எழுந்திரிங்க. சாட்சியத்து மேல உக்காந்திருக்கீங்க."

எஸ்.ஐ. துள்ளி எழுந்தார். பெட்டிக்குள் டீத்தூள் பொட்டலங்களுக்குக் கீழே சாக்கில் சுற்றி அந்த இரண்டு லைட்டுகளும் இருந்தன. அபிநயாவின் வண்டியில் இருந்தவற்றின் கூடப்பிறந்தவை.

பிரசாத் உடைந்துபோனான். "தீபத்துக்குக் கூட்டம் வரும், தூரத்துலேருந்தே கடை தெரியணும்னு மாட்டி, நேத்துதான் மொத தடவை எரிய விட்டேன்! ஒரு டீக்கடையில லைட்டு போட்டா குத்தமா? மச்சான் அதைப் பாத்துட்டு வண்டி வருதுன்னு ஹேண்டிலை ஒடிச்சாரு. நான் இன்னா பண்ணுவேன்? நான்தானே ஓடிப்போய்த் தூக்கினேன்!"

"தூக்கின. அது நல்லதுதான்," என்றார் மேடம். அவர் குரலில் துளி இரக்கமில்லை. "லைட்டு போட்டது தப்பு. வளைவுல நின்னு, ரோட்டைப் பாத்து, வர்றவன் கண்ணு கூசற மாதிரி போட்டது பெரிய தப்பு. ஆனா அதைக் கழட்டி ஒளிச்சிட்டு, வழியில போன பொண்ணு தலையில கட்டினியே, அதுக்குப் பேருதான் குத்தம். இன்னும் ஒரு மணி நேரத்துல அவ வாழ்க்கையே போயிருக்கும்."

கல் வைத்திருந்தவன் அதை மெதுவாகக் காலடியில் போட்டான். யாரும் அபிநயாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை.

ராஜம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பைக்கின் பூட்டைத் திறந்து சங்கிலியை உருவினாள். அபிநயாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போம்மா," என்றாள்.

அபிநயா உடனே போகவில்லை. குனிந்து இரண்டு லைட்டுகளையும் தரையைப் பார்க்கும்படி கையாலேயே இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தினாள். பிறகு, "அவருக்குக் கண்ணு தெறக்கும்கா," என்றாள். ராஜம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தச் சங்கிலியை இழுத்துக்கொண்டு அவள் டீ வண்டிக்கு வந்தாள். முன் சக்கரத்தின் கம்பிகளுக்கிடையில் கோத்து, மின் கம்பத்தோடு சேர்த்துச் சுற்றிப் பூட்டினாள்.

"அக்கா!" என்றான் பிரசாத். "வேணாங்கா. நான் உன் தம்பிக்கா."

அவள் திரும்பவில்லை. எஸ்.ஐ. முன்னால் போய் நின்றாள்.

"எழுதுங்க சார்."

எஸ்.ஐ. தொண்டையைச் செருமிக்கொண்டார். "யார் மேலம்மா?"

"பிரசாத்து."

அவர் எழுதினார். அடுத்த கேள்வி பழக்க தோஷத்தில் தானாக வந்தது. "தகப்பன் பேரு?"

ராஜம்மாள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எங்கப்பன் பேருதான் சார்," என்றாள்.